கட்டைவிரலில் சிவப்பு

"இரும்பை கோயிலுக்குப் போற வழியிலதாங்க," என்று காசிலிங்கம் மறுபடியும் ஆரம்பித்தார். பந்தலுக்கு வெளியே யார் செருப்பைக் கழற்றினாலும் எழுந்து போய், கையைப் பிடித்துக்கொண்டு, முதலிலிருந்து சொன்னார். "கல்யாண நாளுன்னு ரெண்டு பேரும் வண்டியில கெளம்பினாங்க. சிவனப் பாத்துட்டு வர்றோம்ணான்னு சொன்னான். பொம்மையார்பாளையம் தாண்டல. நெஞ்சப் புடிச்சிக்கினு ஒக்காந்துட்டான்."

வந்தவர் உச்சுக் கொட்டினார். சூர்யகலா ஃப்ரீசர் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்தபடி கால்களைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். காலையிலிருந்து அவளுக்கு அதுவே வேலையாக இருந்தது. யாராவது கட்டிப்பிடித்து அழுதால் முதலில் காலை மறைத்தாள், பிறகுதான் அழுதாள்.

பெட்டிக்குள் இருந்த அவள் புருஷன் அய்யனார் இரும்பைக்குப் போகவில்லை. அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கழுவெளி ஏரித் தண்ணீருக்கு அந்தப் பக்கம், கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவே கிடக்கும் மணல்திட்டில், ஜோடிகளுக்கென்று போட்டிருக்கும் கூடாரத்தின் வாசலில், இன்று விடியற்காலையில் செத்துப்போனார்.

அந்தக் கூடாரத்துக்கு அவர்களை அனுப்பியது மகள் தமிழ்நிலா. சென்னையில் அவளுக்கு வேலையே அதுதான். புருஷன் பெண்டாட்டி தனியாகப் போய் இருந்துவிட்டு வர இடம் பிடித்துக் கொடுக்கும் கம்பெனி. ஜெய்சல்மேர் மணல்மேட்டில், கட்ச் வெள்ளைப் பாலைவனத்தில், ஆள் நடமாட்டமில்லாத கடற்கரையில் என்று ஊர் ஊராகக் கூடாரம் வைத்திருக்கிறார்கள். நன்றாக வேலை பார்த்தவளுக்கு ஓர் இரவு இலவசமாகக் கிடைத்தது. அம்மா அப்பாவின் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு அதைக் கொடுத்தாள்.

"ராஜஸ்தான்லாம் வேணாம் பாப்பா, அவ்ளோ நாளு லீவு குடுக்க மாட்டானுங்க," என்றார் அய்யனார். நம்ம ஊரிலேயே ஒன்று இருக்கிறது என்று அவள் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உப்பளத்தப் பாக்க காசு குடுத்து வர்றானுங்களா? நான் காசு வாங்கிக்கினு பாத்துக்கினு இருக்கேன்!"

சிரித்தாரே தவிர, போவதற்கு முன்பு ரகசியமாகத் தலைக்கு மை அடித்துக்கொண்டார். அண்ணன் தம்பி இருவரும் ஒன்றாக இருக்கும் வீடு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சூர்யகலா கதவைச் சாத்திக்கொண்டு படுத்த இரவுகள் மிகவும் குறைவு. அண்ணன் தொண்டையைச் செருமினால் தம்பி பேச்சை நிறுத்திவிடுவார், சுவர் அவ்வளவு மெல்லிசு.

காலையில் சூர்யகலா தகவல் சொன்னபோது அண்ணன் காசிலிங்கம் போனிலேயே "டேய் அய்யனாரு" என்று கத்தி அழுதார். அழுது முடித்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"எங்க இருந்தீங்கன்னு யாருகிட்டயும் வாயத் தொறக்காத சூர்யா. ஜோடிங்க கூத்தடிக்கிற எடத்துல செத்தான்னா ஊரு காறித் துப்பும். நாளைக்குப் பாப்பாவ எவன் பொண்ணு கேட்டு வருவான்? நான் பாத்துக்குறேன்."

பார்த்துக்கொண்டார். நல்ல மனசோடுதான் பார்த்துக்கொண்டார், அதுதான் கொடுமை. திட்டவும் முடியவில்லை.

தமிழ்நிலா மதியம் பஸ்ஸில் வந்து இறங்கி, பெட்டி மேல் விழுந்து அழுது, பிறகு உள்ளே போய்விட்டாள். அம்மாவின் முகத்தை ஒரு முறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. சூர்யகலாவுக்கு இப்போது வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. மகளைத் தனியாகப் பிடித்து, அப்பா அங்கே சந்தோஷமாக இருந்தார் என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் இந்தப் பெண் அப்பாவைத் தானே கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டே வாழ்ந்துவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும்.

தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு எழுந்தாள். சமையல்கட்டில், கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் தமிழ்நிலா தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"பாப்பா."

"கத்துனியாமே," என்றாள் தமிழ்நிலா, சிலிண்டரைப் பார்த்துக்கொண்டே. "பெரியப்பா சொன்னாரு. யாருக்கும் கேக்கலியாமே."

சூர்யகலா கத்தத்தான் செய்தாள். வாயு என்று சொல்லிக்கொண்டு நெஞ்சைத் தடவியவர் அப்படியே மணலில் சாய்ந்ததும் கத்தினாள். ஒரு ஜோடியின் பேச்சு இன்னொரு ஜோடிக்குக் கேட்கக்கூடாது என்று கூடாரங்களைத் தூரத் தூரமாகப் போட்டிருந்தார்கள். தொந்தரவு இருக்கக்கூடாது என்று போனை முதல் நாளே மரப்பெட்டியில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மணலில் விழுந்து விழுந்து ஓடி ஆளைக் கூட்டி வந்தால், தண்ணீர் வற்றி, படகு சேற்றில் உட்கார்ந்திருந்தது. வெயில் காய்கிற சாய்வு நாற்காலியில் அவரைப் படுக்க வைத்து, முழங்கால் சேற்றில் நாலு பையன்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பாவம், அவர்களும் அழுதார்கள். ரோட்டில் நின்ற ஆம்புலன்ஸ்காரர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"போன்ல கஸ்டமருக்கு நான்தாம்மா சொல்லுவேன்," என்றாள் தமிழ்நிலா. "அந்த எடத்தப் பத்திக் கேட்டா. நீங்க கத்துனாக்கூட யாருக்கும் கேக்காது சார், அவ்ளோ பிரைவசின்னு. சிரிச்சிக்கினே சொல்லுவேன். அத சொன்னாத்தான் புக் பண்ணுவாங்க."

"அப்பா சந்தோஷமாத்தான்டி இருந்தாரு. எங்கப்பன் சாமி சத்தியமா."

தமிழ்நிலா முதல் தடவையாக அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். கண் வீங்கிப்போயிருந்தது. "இன்னைக்கு இந்த வூட்ல எல்லாரும் பொய்தான் சொல்றீங்க. இரும்பையாம், சிவனாம். நீயும் ஏம்மா? என்ன சமாதானம் பண்றதுக்கா?"

காலையிலிருந்து காசிலிங்கம் சொன்ன ஒவ்வொரு பொய்க்கும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியவள் சூர்யகலா. இப்போது உண்மையைச் சொன்னாலும் அதே தலைதானே?

இன்னும் சொல்லியிருக்கலாம். கட்டிலில் ரோஜா இதழைக் கொட்டி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "பூ விக்கிற வெலைக்கு இதும்மேல படுக்கச் சொல்றான் பாரேன்," என்று அவர் அலுத்துக்கொண்டதும், இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வீட்டு சாமிக்கு ஆகும் என்று கவரில் போட்டதும் இருந்தது. விடியற்காலை வாசலில் உட்கார்ந்து தண்ணீருக்கு அந்தப் பக்கம் வெளுத்துக் கிடந்த தான் வேலை பார்க்கும் உப்பளத்தை வேற்றாள் மாதிரி பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு நாளு இருந்துட்டுப் போலாமா? பாப்பாகிட்ட கேளு," என்று சொன்னது இருந்தது. ஆனால் அதற்குள் வாசலில் நாத்தனார் செல்லம்மாள் நின்றாள்.

"ரெண்டு பேரும் இங்க இன்னா பண்றீங்க? குளிப்பாட்ட எடுத்துட்டாங்க. வாங்க."

பந்தலுக்குப் பக்கத்தில் பெஞ்சைப் போட்டு, சுற்றிலும் புடவை பிடித்திருந்தார்கள். தமிழ்நிலா ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செல்லம்மாள் தம்பிக்கு எண்ணெய் வைத்து, சீயக்காய் தேய்த்து, குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி காது மடல்வரை துடைத்தாள். குதிகால் வெடிப்பில் வெள்ளையாக உப்பு ஏறிக் கிடந்தது. அதை யாரும் கேட்கவில்லை, உப்பளத்துக் கால் அப்படித்தான் இருக்கும். வலது கைக்கு வந்தபோதுதான் அவள் நிறுத்தினாள்.

"இது இன்னாது, செவப்பா?"

கட்டைவிரல் நுனியிலும், ஆள்காட்டி விரலின் பக்கத்திலும் திட்டுத் திட்டாகச் சிவப்பு. செல்லம்மாள் சீயக்காயைப் போட்டுத் தேய்த்தாள். போகவில்லை. சூர்யகலா கால் விரல்களை மடக்கி மண்ணில் ஊன்றிக்கொண்டாள்.

"குங்குமம்," என்றார் காசிலிங்கம். சொன்ன வேகத்தில் அவருக்கே கொஞ்சம் பயம் வந்திருக்க வேண்டும், ஒரு நொடி சூர்யகலாவைப் பார்த்தார். பிறகு குரல் உறுதியாகிவிட்டது. "கோயில் குங்குமம்தான், வேற இன்னா."

"போற வழியிலன்னு சொன்னீங்களே?" என்று புடவை பிடித்திருந்த ஒருத்தி கேட்டாள்.

"போயிட்டுத் திரும்பறப்பம்மா. சாமி கும்பிட்டு, குங்குமம் வாங்கி வெச்சிக்கினு திரும்பறப்ப. துக்கத்துல மாத்திச் சொல்லிட்டேன்."

பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அந்தச் சிவனே வந்து கூட்டிக்கொண்டு போயிருக்கிறான், எத்தனை பேருக்குக் கிடைக்கும் இந்தச் சாவு என்று பேச்சு பந்தல்வரை பரவியது. காரியத்தை இரும்பையிலேயே வைத்துவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். செல்லம்மாள் அந்தக் கட்டைவிரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். தமிழ்நிலா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது புரியவில்லை, ஆனால் குங்குமம் இல்லை என்று மட்டும் தெரிந்தது.

சூர்யகலா வாயைத் திறந்தாள். அது குங்குமம் இல்லை, என் கால்ல போட்டது என்று கத்திவிட வேண்டும் போல இருந்தது. சுற்றிலும் ஈரக்கண்களோடு அத்தனை பேர் நின்றார்கள். வாயை மூடிக்கொண்டாள். வாய்க்கரிசி போடச் சொன்னபோது போட்டாள். தலை நிறையப் பூ வைத்துவிட்டபோது தலையைக் குனிந்து காட்டினாள். காசிலிங்கத்தின் மகன் கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க, மேளம் உப்பளத்து ரோட்டில் தேய்ந்து மறைந்தது. பெண்கள் தெருமுனையோடு நின்றுகொண்டார்கள்.

வீட்டைக் கழுவிவிட்டார்கள். சூர்யகலாவைக் கொல்லையில், துணி துவைக்கும் கல்லின் மேல் உட்கார வைத்தார்கள். முதல் சொம்புத் தண்ணீரைச் செல்லம்மாள் ஊற்றினாள்.

"நீ ஊத்திக்கினு இரு பாப்பா. நான் மாத்துப் புடவ எடுத்தாறேன்," என்று சொம்பைத் தமிழ்நிலாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

தமிழ்நிலா ஊற்றினாள். தலையில் வைத்த பூ ஒவ்வொன்றாக அவிழ்ந்து தண்ணீரோடு வாழை மரத்தை நோக்கிப் போயிற்று. இனி காலை மறைக்கத் தெம்பில்லை. நனைந்த புடவை முழங்காலில் ஒட்டிக்கொண்டு மேலே ஏறியபோது சூர்யகலா அதை இழுத்துவிடவில்லை.

தண்ணீர் நின்றுவிட்டது.

தமிழ்நிலா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் கால் விரல்கள் பத்தும் சிவப்பாக இருந்தன. நகம் எது, தோல் எது என்று தெரியாமல் அப்பிக் கிடந்தது. சுண்டுவிரலில் நகத்தை விட்டுவிட்டுப் பக்கத்துச் சதைக்குப் பூசியிருந்தது. மகள் பையில் போட்டுக் கொடுத்த நெயில் பாலிஷ்தான். இருபது வருஷமாக உப்பு வாரும் பலகையைப் பிடித்துக் காய்ப்பு ஏறிய விரல்களால் அந்தக் குச்சித் தூரிகையைப் பிடிக்கத் தெரியாமல், நாக்கைக் கடித்துக்கொண்டு, இருட்டுகிற வரைக்கும் போட்டது. காலை இழுக்காதே, ஆடாதே என்று அதட்டி அதட்டிப் போட்டது.

தமிழ்நிலா மண்டிபோட்டு உட்கார்ந்தாள். அம்மாவின் பெருவிரலைத் தன் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. தன் விரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"அப்பாவா?"

சூர்யகலா தலையை ஆட்டினாள். "நல்லா இருக்கான்னு கேட்டாரு."

"கேவலமா இருக்கும்மா," என்றாள் தமிழ்நிலா. சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். பாதியில் அது வேறாகிவிட்டது, நெற்றியை அம்மாவின் முழங்காலில் வைத்துக்கொண்டாள். சூர்யகலா ஈரக் கையை அவள் தலையில் வைத்தாள்.

வாசலில் யாரோ தாமதமாக வந்திருக்கிறார்கள் போலிருந்தது. சுடுகாட்டுக்குப் போகாமல் நின்றுவிட்ட கிழவர் ஒருவர் அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "இரும்பை கோயில்லேந்து திரும்பறப்பங்க. கையில குங்குமத்தோட..."

உள்ளேயிருந்து செல்லம்மாளின் காலடி கேட்டது. தமிழ்நிலா சட்டென்று நிமிர்ந்து, அம்மாவின் ஈரப் புடவையைக் கீழே இழுத்து, பத்து விரலும் மறைகிற மாதிரி சுற்றி ஒடுக்கிவிட்டாள். பிறகு சொம்பை எடுத்து, மெதுவாக, காலில் படாமல், தலைக்கு மட்டும் ஊற்றினாள்.