கோரா டேலியின் காதில் சொன்னது

சவப்பெட்டியின் மூடியைப் பிடித்தபடி நின்றவர் மறுபடியும் தொண்டையைக் கனைத்தார். எட்னா அசையவில்லை. கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, ஒரு தடவை வந்து அப்பா முகத்தைப் பாரும்மா. மூடப் போறாங்க," என்றாள் மகள் தெல்மா.

"பாத்தவரைக்கும் போதும்டி. அந்த கோரா டேலியைக் கூப்பிடு. அவ வந்து பாக்கட்டும்."

தெல்மாவுக்கு எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்பா லைமன் ஹாஸ்கெட் ஹாலிவுட்டின் ஊமைப்படக் காதல் நாயகன். பேசும் படம் வந்ததும் அவருடைய கீச்சுக்குரல் எடுபடவில்லை. கடைசிவரை கிளெண்டேலில் ஒரு பெயின்ட் கடையில் நின்றார். அவர் நடித்ததில் ஒரே ஒரு காட்சிதான் அம்மாவின் உயிரை எடுத்தது. கூட நடித்த கோராவை அணைத்துக்கொண்டு அவள் காதில் எதையோ சொல்லிக்கொண்டே இருப்பார். திரையில் வந்த எழுத்து 'என் உயிரே' என்பதோடு சரி. உதடுகளோ நிற்கவே இல்லை. காமிரா முன்னால் வாய்க்கு வந்ததைப் பேசுவதுதான் வழக்கம் என்று அப்பா தலையிலடித்துச் சொன்னார். அப்படியானால் என்ன பேசினீர்கள் என்றால், ஞாபகமில்லை என்பார். அம்மா அதை ஒரு நாளும் நம்பியதில்லை. உண்மையைச் சொன்னால், தெல்மாவும் நம்பவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பச்சைத் தொப்பி போட்ட ஒருத்தி பின்னாலிருந்து எழுந்து வந்து, பெட்டியருகே நின்று விசும்பினாள்.

"பாத்தியா, இன்னொருத்தி!" என்றாள் எட்னா.

தெல்மா விறுவிறுவென்று அவளிடம் போனாள். "யாருங்க நீங்க? எங்கப்பாவை எப்படித் தெரியும்?"

அவள் தெல்மாவின் வாயையே பார்த்தாள். "மெதுவா கேளுங்க. எனக்குக் காது கேக்காது, சின்ன வயசுக் காய்ச்சல்ல போச்சு," என்றாள் ஏற்ற இறக்கமில்லாத குரலில். "பேரு ஹெஸ்டர். உங்கப்பாவைப் படத்துல பாத்ததுதான். உதட்டைப் பாத்தே எல்லாம் புரிஞ்சுக்குவேன். பேசற படம் வந்து, காது கேக்காத எங்க சந்தோஷத்துல மண்ணைப் போட்டுடுச்சு."

எட்னா எழுந்தே விட்டாள். "அப்ப கோரா காதுல அவர் என்ன சொன்னார்? அதையும் பாத்தியா?"

ஹெஸ்டர் எட்னாவின் முகத்தைப் பார்த்தாள். இன்னும் மூடாத பெட்டியையும் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"'இன்னிக்கும் வீட்ல ஈரலும் வெங்காயமும்தான். சாப்பிடலைன்னா எட்னா கொன்னுடுவா'ன்னார். நாங்க விழுந்து விழுந்து சிரிச்சோம்."

"ஈரலா? ரெண்டாந்தடவை கேட்டு வாங்கித் தின்னாரே படுபாவி! அத்தனையும் நடிப்பா?" எட்னா சிரித்தாள். சிரிப்பு அப்படியே அழுகையாக உடைந்தது. பெட்டியின் மேல் சாய்ந்து, அவருடைய டையைச் சரிசெய்து, நெற்றியில் முத்தமிட்டாள்.

தெல்மாவுக்கு மனசு ஆறவில்லை. அம்மா ஊரில் இல்லாத நாட்களில்கூட அப்பா மகளை ஓட்டலுக்குக் கூட்டிப்போய் ஈரலும் வெங்காயமும்தான் ஆசையாக வாங்குவார். எட்னா என்ற பெயரோ காலைப் பத்திரிகையின் மரண அறிவிப்பிலேயே இருந்தது; யார் வேண்டுமானாலும் படித்திருக்கலாம்.

வெளியே ஓடினாள். ஹெஸ்டர் டிராமுக்குப் போய்க்கொண்டிருந்தாள். "நில்லுங்க! நிஜமா என்ன சொன்னார்?" என்று முதுகைப் பார்த்துக் கத்தினாள். கத்திய பிறகுதான் உறைத்தது.

உள்ளே அம்மாவின் குரல் கேட்டது. "ஏங்க, பிடிக்கலைன்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

டிராம் கிளம்பியது. ஜன்னலோரம் உட்கார்ந்த ஹெஸ்டர் திரும்பி, கண்ணாடி வழியாக தெல்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

தெல்மா உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டாள்.