மீட்டிங் முடிகிறவரை

“மோளம் அடிக்கக் கூடாதுன்னு சொல்ல நீ யாரு? எனக்கும் அவ அம்மாதான்.”

“அது உனுக்கு இன்னிக்குத்தான் ஞாபகம் வந்துச்சா? பத்து மணிக்குக் கவுன்சில் மீட்டிங்கு. அது முடியட்டும்.”

சாவு வீட்டு வாசலில் அண்ணனும் தங்கையும் இப்படிக் கத்தினால் எதிர்வீட்டு ஜன்னல் சும்மா இருக்குமா? தெருவே காதைத் தீட்டிக்கொண்டது. வசந்தா மட்டும்தான் ஐஸ் பெட்டிக்குள் அமைதியாக இருந்தாள். உயிரோடிருந்தவரை அவளும் அப்படி இருந்தவளில்லை.

நகராட்சி ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டைக் கழுவித் துடைத்தவள். காண்டிராக்ட் வேலை, லீவு கேட்டால் நாளையிலிருந்து வரவேண்டாம் என்பார்கள். அவள்தான் சங்கம் சேர்த்தாள், கவுன்சிலர்கள் வீட்டு வாசலில் எல்லாம் போய் நின்றாள். காண்டிராக்டரை விலக்கி நகராட்சியே சம்பளம் தரவேண்டும், வாரம் ஒரு நாள் லீவு வேண்டும், எதுவானாலும் சங்கத்தைக் கூப்பிட்டுப் பேசவேண்டும் என்ற தீர்மானம் ஒருவழியாக இன்றைக்குத்தான் ஓட்டுக்கு வருகிறது. நேற்று சாயங்காலம் டூட்டி முடிந்து வந்து முகம் கழுவ உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

அதே வார்டில் வேலை பார்க்கும் மகள் பிரியங்கா விடிந்ததிலிருந்து உட்காரவே இல்லை. செல்போனை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டே நடந்தாள்.

அண்ணன் சிரஞ்சீவி அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறக்கும்போது ஆளுயர மாலையோடு கவுன்சிலர் பாஸ்கர் வந்தார். காண்டிராக்டர் அவருக்கு மச்சான். இது தெரியாதவர்கள் ஊரில் கைக்குழந்தைகள் மட்டும்தான்.

“சிரஞ்சீவி, அம்மாவுக்குப் பெரிய மரியாத பண்ணப்போறோம். சபையே எழுந்து நிக்கும். இரங்கல் படிச்சு, இன்னிக்கு மீட்டிங்க தள்ளி வெச்சிடுவோம்.”

சிரஞ்சீவிக்குக் கண் நிறைந்துவிட்டது. “கேட்டியா? சேர்மன் எழுந்து நிப்பாராம்.”

“நிப்பாரு. அப்புறம் எலக்‌ஷன் வந்துடும். தீர்மானம் அப்பிடியே பூடும்,” என்றாள் பிரியங்கா. “அம்மாவ வெச்சே அம்மா வேலைய முடிக்கப் பாக்குறாங்க. நைனா, நீயாவது வாயத் தொற.”

அப்பா சின்னப்பன், பெண்டாட்டி உத்தரவில்லாமல் வாயைத் திறந்து தெரு பார்த்ததில்லை. மெதுவாக எழுந்தார். மாலையை வாங்கிக் கதவுக்குப் பின்னால் மாட்டினார்.

“சார், என் பொஞ்சாதி இன்னும் சாவல.”

பாஸ்கர் ஐஸ் பெட்டியைப் பார்த்தார்.

“மீட்டிங் முடிஞ்சாத்தான் சாவுவா. அதுக்குள்ள இரங்கல் படிச்சீங்கன்னா, நான் அங்க வந்து அவ வூட்ல தூங்கிக்கினு கீறான்னு சொல்லுவேன். புருசன் சொல்றேன், இல்லன்னு எவன் சொல்லுவான்?”

கவுன்சிலர் கிளம்பினார். வழி தெரியாமல் போய்விடுவாரோ என்கிற மாதிரி சங்கத்துப் பெண்கள் அத்தனை பேரும் கூடவே நடந்தார்கள்.

அப்படியொரு சாவைத் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை. ஒப்பாரி வைக்க வந்தவள் முந்தானையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மேளக்காரர்கள் டீ குடித்தார்கள், மறுபடியும் குடித்தார்கள். அதில் ஒருவன் விரல் தன்னையறியாமல் தாளம் போட, சிரஞ்சீவியே போய் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினான். பிரியங்கா வாசலுக்கும் பெட்டிக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

போன் அடித்தது. கேட்டாள். மேளக்காரர்களைப் பார்த்துத் தலையசைத்தாள்.

அப்புறம்? சிரஞ்சீவி சத்தியவேடு பக்கம் கம்பெனி வேலைக்குப் போய் அங்கேயே வீடு பார்த்துக்கொண்டான். பாஸ்கர் தேர்தலில் தோற்றுத் திருப்பதிக்குக் குடிபோனார். சாமிக்குப் பக்கத்தில் இருக்கவாம். பிரியங்காவுக்குப் புத்தூர் மாப்பிள்ளை. அவனே இங்கு வந்து தங்கிவிட்டதைச் சொல்லித் தெரு கொஞ்சநாள் சிரித்தது.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு வார லீவு. அன்று காலையில் சின்னப்பன் வாசலில் உட்கார்ந்துகொண்டு, கூவ வரும் கீரைக்காரியைக்கூட உதட்டில் விரல் வைத்துக் காட்டி அனுப்பிவிடுகிறார். உள்ளே மகள் தூங்குகிறாள்.