ஹெவி மெட்டலுக்கு ஒரு வாஷிங் மெஷின்

பல் டாக்டரம்மாவுக்கு ஹெவி மெட்டல் பிடித்துப்போனதற்கு அவருடைய தொழில்தான் காரணம். நாள் முழுக்கப் பல்லைக் குடையும் மெஷினின் கீச்சுக்குரலைக் கேட்டுக் கேட்டு, அதைவிடப் பெரிய சத்தம் ஒன்று காதில் விழுந்தால்தான் மனசு ஆறும் என்ற நிலைக்கு வந்துவிட்டார். 'கொதிகலன்' குழுவின் கிட்டாரை முதன்முதலாகக் கேட்டபோது, யார் வாயிலும் வலிக்காத மெஷின் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றே அவருக்குத் தோன்றியது. அன்றிலிருந்து கிளினிக்கில் அவர்கள் பாட்டுதான். வாயைத் திற என்று எந்த நோயாளியிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. திறந்த வாயை மூடச் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

அவருக்கு வாய்த்த கணவரோ மெத்தைக்கடைக்காரர். அந்தக் கடையில் குண்டூசி என்ன, இரும்பு பீரோவே விழுந்தாலும் சத்தம் கேட்காது. படுத்துப் பார்க்கிறேன் என்று படுக்கிற வாடிக்கையாளரை, சாயங்காலம் கடை சாத்தும்போது தட்டி எழுப்புவார்கள். அவரும் வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு மெத்தையை வாங்கிப்போவார். வியாபாரமே அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றது ஒரு சனிக்கிழமை. கொதிகலன் குழுவினருக்கு வயதாகிவிட்டது. பாடகருக்கு முட்டிவலி, டிரம்ஸ் அடிப்பவருக்குத் தோள்பட்டை. அதனால் அந்தச் சனிக்கிழமை பக்கத்து நகரத்து மைதானத்தில் கடைசிக் கச்சேரி என்று அறிவித்துவிட்டார்கள். டாக்டரம்மா இரண்டு டிக்கெட் வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குள் நடக்கும்போதுகூடக் கைப்பையை மாட்டிக்கொண்டே நடந்தார். அதே சனிக்கிழமைதான் மெத்தைக்கடைக்காரரின் அக்காவுக்குப் பிறந்தநாள் விருந்து.

அக்கா பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஏறினால் டிக்கெட் வாங்கியவர்களே இறங்கி ஓடுவார்களாம். அவர் வீட்டு விருந்துக்குப் போகாமல் இருந்தவர் என்று குடும்பத்தில் ஒருவரும் கிடையாது. கால் உடைந்து கிடந்த ஒரு சித்தப்பாவைக் கட்டிலோடு தூக்கிவந்து சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் இறக்கிய வரலாறு உண்டு.

"எதுக்கு அவ்வளவு தூரம் போகணும்?" என்றார் மெத்தைக்கடைக்காரர். "உன்கிட்டதான் அவங்க லைவ் ஆல்பம் அலமாரி நிறைய கிடக்கே. மேலயே லைவ்னு போட்டிருக்கான். அதே பாட்டு, அதே கூட்டம், அதே கத்தல். நடுவுல நிறுத்திட்டு டீ குடிச்சுக்கலாம். மைதானத்துல முடியுமா?"

"அது வேறங்க, இது வேற."

"என்ன வேற? அதுல இல்லாதது என்னன்னு சொல்லு."

"கால யாரும் மிதிக்க மாட்டேங்கறாங்க. முன்னாடி நெட்டையா ஒருத்தன் நின்னு மறைக்கணும், மறைக்கல. வேர்த்துக் கொட்டல. டிரம்ஸ் அடிச்சா வயித்துக்குள்ள இடிக்கணும், இடிக்கல."

"இவ்வளவுதானே? எல்லாத்தையும் நான் வீட்டுக்குக் கொண்டுவரேன். ஞாயித்துக்கிழமை நம்ம ஹால்ல கச்சேரி. அசல் கச்சேரி மாதிரியே இருந்துச்சுன்னா, சனிக்கிழமை மறுபேச்சு பேசாம அக்கா வீட்டுக்கு வர்ற. இல்லேன்னா நானே வேன்ல கூட்டிட்டுப் போறேன். அக்காகிட்டயும் நானே சொல்றேன்."

கடைசி வாக்கியம் வரும்போது அவர் குரல் தொண்டைக்குள் திரும்பிப்போய் ஒளிந்துகொண்டது.

"சரி," என்றார் டாக்டரம்மா.

"இருந்தா இருக்குன்னு ஒத்துக்கணும். ஏமாத்தக் கூடாது."

"பல் மேல சத்தியம்."

பல் டாக்டர் பல் மேல் சத்தியம் செய்தால் அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வேன் நிறைய மெத்தை வந்து இறங்கியது. நான்கு சுவருக்கும் மெத்தை சாத்தியதில், ஹாலே தலையணை உறைக்குள் போன மாதிரி ஆகிவிட்டது. கிளினிக்கிலிருந்து ஸ்பீக்கரைத் தூக்கிவந்து மேஜை மேல் வைத்து, ஆல்பங்களிலேயே ஆகச் சத்தமானதைப் போட்டார். ஸ்பீக்கர் மேஜையோடு சேர்ந்து நடுங்கியது. டாக்டரம்மா இடித்த புளி மாதிரி நின்றார்.

"கால்," என்று ஞாபகப்படுத்தினார்.

மெத்தைக்கடைக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு மனைவியின் காலை மெல்ல மிதித்தார். "வலிக்குதா?"

"இப்படி நலம் விசாரிச்சுக்கிட்டே யாருங்க மிதிப்பாங்க?"

நெட்டை ஆளுக்குப் பஞ்சமில்லை. மாடி வீட்டில் இருப்பவர் தெருவிளக்குக்கு பல்பு மாட்டுகிறவர். ஒட்டகச்சிவிங்கி என்றுதான் தெருவே கூப்பிடும். அவர் ஏணி எடுத்துப்போவது அலுவலக விதிக்குப் பயந்துதான், மற்றபடி ஏணிக்கு வேலையே இல்லை. கூப்பிட்டதும் வந்து டாக்டரம்மாவுக்கு முன்னால் நின்றார். நின்றவர் மரியாதைக்காரர்.

"மறைக்குதுங்களா மேடம்? வேணும்னா உக்காந்துக்கறேன்."

"உக்காந்துடாதீங்க சார்," என்று பதறினார் மெத்தைக்கடைக்காரர். "மறைக்கத்தான் கூப்பிட்டது. நல்லா நிமிந்து நில்லுங்க."

பிறகு ஜன்னலை எல்லாம் சாத்தி, வீட்டில் இருந்த கெட்டிலையும் பாத்திரத்தையும் வரிசையாகக் கொதிக்கவைத்தார். ஹாலில் ஆவி திரண்டு மேகமாகி, ஒட்டகச்சிவிங்கியின் தலை அதற்குள் காணாமல் போனது. மேலேயிருந்து, "இங்க தூறல் போடுது சார்," என்று அசரீரி மட்டும் வந்தது.

டாக்டரம்மாவுக்கு நெற்றி வேர்த்தது. இருந்தாலும் வயிற்றில் இடி இல்லையே என்று தைரியமாக இருந்தார். அப்போதுதான் மெத்தைக்கடைக்காரர் குளியலறையிலிருந்து வாஷிங் மெஷினை உருட்டிக்கொண்டு வந்தார். உள்ளே ஈரப் போர்வை ஒன்றும், கனமான பூட்ஸ் ஜோடி ஒன்றும் போட்டுப் பிழியும் விசையைத் தட்டினார்.

"வயித்த இதுல சாச்சுக்கோ."

சாய்ந்தார். மெஷின் சூடு பிடித்ததும் உள்ளே பூட்ஸ் திமுதிமுவென்று ஓடத் தொடங்கியது. டிரம்ஸ் அடிப்பவரே வயிற்றுக்குள் குடிவந்து, வாடகை தராமல் வாசிக்கிற மாதிரி இருந்தது. டாக்டரம்மாவின் கழுத்து அவர் பேச்சைக் கேட்காமல் மேலும் கீழும் போனது.

"கழுத்து ஆடுது," என்றார் மெத்தைக்கடைக்காரர், வாயெல்லாம் பல்லாக.

"மெஷின் ஆட்டுதுங்க."

"மெஷின் பக்கவாட்டுல ஆடுது. கழுத்து மேலயும் கீழயும் ஆடுது."

மனுஷன் ஜெயித்துவிடுவார் போலிருக்கிறதே, சனிக்கிழமை போய்விடுமே என்று டாக்டரம்மா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா வந்து நின்றார். விருந்துக்கு எத்தனை நாற்காலி போடுவது என்று கேட்க வந்தவர், ஆவியையும், தலை இல்லாத நெட்டை மனிதரையும், மெஷினைக் கட்டிக்கொண்டு நிற்கும் தம்பி மனைவியையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"என்னடா இது?"

"க... கச்சேரிக்கா."

"கச்சேரியா? டிக்கெட் யாரு பாக்கறது?"

"யாரும் பாக்கலக்கா."

"டிக்கெட் பாக்காம உள்ள விட்டா அது கச்சேரியாடா, சத்திரமா?"

சொன்ன கையோடு ஒரு நாற்காலியை இழுத்து வாசலில் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஓய்வு பெற்ற பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு களையை யாரும் பார்த்ததில்லை. மெத்தைக்கடைக்காரருக்கு இன்னும் குஷி. இடிபட்டு விழ மெத்தை வேண்டாமா என்று, வெளியே வேனில் மிச்சம் இருந்த ஒன்றைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார்.

"டிக்கெட்," என்றார் அக்கா.

"அக்கா, இது என் வீடு."

"பஸ்ஸுலயும் இப்படித்தான் பேசுவாங்க, எங்க ஊரு பஸ்ஸுன்னு. டிக்கெட் எங்க?"

உள்ளே பாட்டு உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. தான் கட்டிய கச்சேரி தனக்கே கிடைக்காமல், மெத்தையும் தலையுமாக வாசலில் குட்டி போட்ட பூனை மாதிரி அலைந்தார் மனிதர். கடைசியில் மெத்தையில் தொங்கிய விலைச்சீட்டைப் பிய்த்து நீட்டினார். அக்கா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஓரத்தில் கிழித்து, திருப்பிக் கொடுத்து உள்ளே விட்டார்.

விட்ட வேகத்தில் மெத்தைக்கடைக்காரர் போய் வாஷிங் மெஷினில் மோத, மெஷின் கட்டறுத்த கன்றுக்குட்டி மாதிரி ஹாலில் நடக்க ஆரம்பித்தது. ஒட்டகச்சிவிங்கி அதற்கு வழிவிடப் பின்வாங்கி, மோதலில் கீழே விழுந்த மெத்தை மேல் மல்லாக்க விழுந்தார். விழுந்துகொண்டே இருந்தார், அவ்வளவு நீளம். போகிற போக்கில் அவர் குதிகால் டாக்டரம்மாவின் காலை நசுக்கியது. யாரும் வலிக்கிறதா என்று கேட்கவில்லை. பாட்டு முடிந்தது.

டாக்டரம்மா சிரித்துச் சிரித்துத் துடித்துக்கொண்டிருந்தார். பல் மேல் சத்தியம் செய்தாயிற்று. இது கச்சேரிதான் என்று சொல்ல வாயைத் திறந்தார்.

அப்போது ஆல்பத்தில் பாடகர் மூச்சு வாங்கிக்கொண்டே, "எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கோம்ப்பா," என்றார் வாசலிலிருந்து அக்கா. "நீ சாப்பிட்டியா?"

பாடகர் பதில் சொல்லவில்லை. அடுத்த பாட்டை ஆரம்பித்துவிட்டார்.

அக்காவின் முகம் சிவந்தது. "டேய், நிறுத்து அத. நான் கேட்டது அவன் காதுல விழலையா?"

"அது ஆல்பம்கா. எப்பவோ பாடினது."

"பாடினது எப்பவோ இருக்கட்டும். நல்லா இருக்கீங்களான்னு இப்பதான கேட்டான்? திருப்பிப் போடு."

திருப்பிப் போட்டார். பாடகர் கேட்டார், அக்கா முன்னைவிட உரக்கப் பதில் சொல்லிச் சாப்பிட்டாயா என்றார், பாடகர் பாடப் போய்விட்டார். இன்னொரு தடவை போட்டபோது ஹாலில் இருந்த அத்தனை பேரும் சேர்ந்து கத்தினார்கள். சுவரில் சாத்திய மெத்தை ஒன்று சரிந்தது. பாடகர் அசையவில்லை.

டாக்டரம்மாவுக்கு மண்டையில் விளக்கு எரிந்தது. "அண்ணி, அங்கிருந்து எல்லாம் வருது. இங்கிருந்து ஒண்ணும் போகாது. எவ்வளவு கத்தினாலும் அவங்களுக்கு நம்ம குரல் கேக்கவே கேக்காது."

"நேர்ல போய்க் கேட்டா?"

"கேக்கும் அண்ணி."

"எப்ப பாடறான்?"

டாக்டரம்மா கணவரைப் பார்த்தார். கணவர் வாஷிங் மெஷினைப் பார்த்தார். அது நின்றுவிட்டிருந்தது.

"சனிக்கிழமைக்கா," என்றார் மெத்தைக்கடைக்காரர். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"என் பிறந்தநாளன்னிக்கா?"

"ஆமாக்கா."

அக்கா எழுந்து நாற்காலியை மடக்கினார். "விருந்த ஞாயித்துக்கிழமைக்கு மாத்திடு. சனிக்கிழமை எனக்கு அவன்கிட்ட ஒரு வேலை இருக்கு."

இன்னும் இரண்டு டிக்கெட் வாங்கி நான்கு பேரும் வேனில் போனார்கள். பின்னால் மெத்தை போட்டு ஒட்டகச்சிவிங்கியைக் குறுக்காகப் படுக்கவைக்க வேண்டியிருந்தது. மைதானத்து வாசலில் பையைச் சோதித்த காவலாளியிடம் அக்கா, "இப்படியாப்பா பாப்பாங்க? அடிப்பக்கம் கைவிட்டுப் பாரு," என்று சொல்லிக்கொடுத்ததில் வரிசை தெருமுனை வரை நீண்டது. பிறகு கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடைக்கு முன்னால் போய் நின்றார். ஒட்டகச்சிவிங்கி பின்னால் நின்று பாதி மைதானத்தின் சாபத்தை வாங்கிக்கொண்டார். டாக்டரம்மாவின் கழுத்தைக் கேட்கவே வேண்டாம். மெத்தைக்கடைக்காரர் மட்டும், "நம்ம மெஷின் இதவிட நல்லா இடிச்சுது," என்று ஒவ்வொரு பாட்டுக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பாடகர் முட்டியைப் பிடித்துக்கொண்டு மைக்குக்கு வந்தார். "எல்லாரும் நல்லா இருக்கீங்களா?"

பஸ்ஸின் கடைசி சீட்டு வரை எட்டிப் பழகிய குரல் கிளம்பியது. "நல்லா இருக்கோம். நீ சாப்பிட்டியா?"

பாடகர் குனிந்து பார்த்தார். இவ்வளவு வருஷத்தில் எந்தக் கூட்டமும் அவரை அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது.

"இன்னும் இல்லம்மா," என்றார்.

அந்தக் கச்சேரியும் லைவ் ஆல்பமாக வெளிவந்தது, அக்காவின் கேள்வியும் பாடகரின் பதிலும் உட்பட. ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாரும் ஹாலில் கூடி அதைப் போட்டுக் கேட்கிறார்கள். மெத்தைக்கடைக்காரர் இப்போதெல்லாம் மனைவியின் காலை நலம் விசாரிக்காமலே மிதிக்கிறார். அக்கா ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, அந்த இடம் வரும்வரை காத்திருக்கிறார்.

"இன்னும் இல்லம்மா," என்கிறார் பாடகர்.

"பாரேன்," என்று அக்கா ஒவ்வொரு முறையும் தலையில் அடித்துக்கொள்கிறார். "எத்தன மாசமாச்சு, இன்னும் சாப்பிடல அந்தப் புள்ள."