சரிகையின் சத்தம்

எழுபத்து நான்காம் வருடம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது, அக்காவின் காதிலிருந்து கழுத்து வழியாக இறங்கும் ஒரு மெல்லிய ஒயர்தான். அதன் மறுமுனையில், சிகரெட் பெட்டி அளவில் காது மிஷின் ரவிக்கைக்குள் குத்தியிருக்கும். செங்கல்பட்டில் ரயிலடிக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. அக்கா ஷஹர்பானுவுக்கு அப்போது இருபது வயது. நான் ராபியா, பள்ளிக்கூடம் முடித்துவிட்டு வாசகசாலைப் புத்தகங்களோடு காலம் கழித்துக்கொண்டிருந்தேன்.

அக்காவைச் செவிடு என்று சொல்ல முடியாது. கூட்ஸ் வண்டியின் உறுமல் அவளுக்குக் கேட்கும். வளையல் உரசினால் கேட்கும். பேச்சு மட்டும் பாதி வழியில் கரைந்துவிடும். உதட்டைப் பார்த்தே அவள் சமாளித்து வந்ததை நாங்கள் கூச்சம் என்று நினைத்திருந்தோம். சென்னையில் பரிசோதித்த டாக்டர், அத்தாவுக்கு, அதாவது எங்கள் அப்பாவுக்கு, புரியும்படி சொன்னார்: "ஆர்மோனியத்துல ரெண்டு ஓரத்துக் கட்டையும் நல்லா இருக்கு. நடுக்கட்டைங்க பழுது. மனுஷன் பேசறது பெரும்பாலும் அந்த நடுவுலதான்."

மிஷின் வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினோம். அதுவோ ஏற்கெனவே கேட்டவற்றையும் சேர்த்துத் தூக்கிக் கொடுத்தது. தட்டு வைத்தால் அக்கா துள்ளினாள். அம்மா தாளிக்கும்போது கூடத்துக்கு ஓடினாள்.

"ஊரே என் தலைக்குள்ள குடி வந்துட்டா மாதிரி கீது. பேச்சு மட்டும் எங்கியோ மூலைல குந்திகினு கீது" என்றாள்.

பழக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் பிற்பகல்களில் நான் வாயைப் புத்தகத்தால் மறைத்துக்கொண்டு அவளுக்கு வாசித்தேன். எல்லாம் ருஷ்ய மொழிபெயர்ப்பு நாவல்கள். வெளியே வெயில் கொளுத்த, எங்கள் கூடத்தில் பனி பெய்துகொண்டிருக்கும். நான் வாசித்ததை அவள் திருப்பிச் சொல்வாள்.

"ஒருத்தனுக்கு எத்தினி பேருடி இவங்க ஊர்ல? ஒரு பேரை வச்சிகினு பொழைக்கத் தெரியாதா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்துக்குப் போனோம். கடற்காற்று மிஷினில் மோதி இரைச்சலானதும் அக்கா அதைக் கழற்றிவிட்டாள். 'பாவம்' என்பதுபோல் நான் அவளைப் பார்த்தேன்.

"இன்னாத்துக்கு அப்பிடிப் பாக்கறே? கடல் எனக்கு எப்பவும் முழுசாத்தான் கேட்டுகினு இருந்துச்சு" என்றாள். பிறகு ஒரு பாறைக்குப் பின்னால், காற்று படாத இடத்தில் உட்கார்ந்து மிஷினை மாட்டிக்கொண்டு, "இப்ப வாசி" என்றாள். அன்று ஒரு பக்கம் முழுவதையும் பிசகாமல் திருப்பிச் சொன்னாள். அந்த மாலையின் உப்பும் வெளிச்சமும் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

அந்த மாதமே கோவளத்திலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ஜக்கரியா, கல்பாக்கத்தில் கட்டட வேலை நடக்கும் இடத்தில் ஜெனரேட்டர் பார்த்துக்கொண்டிருந்தார். பெண் பார்க்க வந்த அன்று அம்மா மிஷினை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, "பொண்ணு ரொம்ப அடக்கம், அதிகம் பேசாது" என்று சொல்லி அனுப்பினாள். மாப்பிள்ளையின் முகம் அக்காவுக்குப் பிடித்திருந்தது. மிஷின் விஷயம் மட்டும் அங்கே யாருக்கும் தெரியாது.

எங்களில் நிக்காஹுக்கு முன்பு வக்கீலாக, அதாவது பெண்ணின் சார்பில் பேசுபவராக, ஒரு பெரியவர் இரண்டு சாட்சிகளோடு மணப்பெண்ணிடம் வருவார். இன்னாரை மணக்கச் சம்மதமா என்று திரைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பார். எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பு அத்தாவின் அண்ணன், பெரியத்தா சுலைமானுக்கு. அவர் குரல் தாடிக்குள்ளேயே தங்கிவிடும் குரல்.

"பெரியத்தா கேக்கறது எனக்குக் கேக்கணும். நான் மிஷின் போட்டுக்கறேன்" என்றாள் அக்கா.

"கேக்காட்டி இன்னா? தலையக் குனிஞ்சிகினு இரு. பொண்ணு பேசாம இருந்தாலே சம்மதம்னு எடுத்துக்குவாங்க. நானும் அப்பிடித்தான் இருந்தேன்" என்றாள் அம்மா.

"நீங்க கேட்டுட்டு சும்மா இருந்தீங்க. நான் கேக்காமலே சும்மா இருந்தா அது சம்மதமாம்மா?"

கடைசியில் மிஷினைப் போட்டுக்கொள்ளலாம், ஆனால் பட்டுப் புடவைக்கு அடியில் கண்ணில் படாமல் இருக்க வேண்டும் என்று முடிவானது. ஒயரைப் பூச்சரத்துக்குள் நானே ஒளித்தேன். சரிகையைப் பற்றி எங்கள் இருவருக்கும் யோசனை போகவில்லை.

கல்யாணத்தன்று அறை நிறையப் பெண்கள். மாப்பிள்ளையின் அக்கா ஜஹனாரா எங்களுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். திரைக்குப் பின்னால் நிழல்கள் வந்து நின்றன. பெரியத்தாவின் முணுமுணுப்பு தொடங்கியது. அக்கா என் கையை இறுக்கினாள்.

"ஒண்ணும் கேக்கலடி. சரிகைதான் பேசுது."

அவள் மூச்சுவிடும்போதெல்லாம் கனத்த சரிகை மிஷினில் உரசியிருக்கிறது. நான் என்ன செய்வதென்று தெரியாமல் அம்மாவைப் பார்த்தேன். பெரியத்தா சற்றுக் காத்திருந்தார். "வெக்கப்படுது. சம்மதம்தான், போங்க" என்று ஒரு கிழவி சொன்னாள். நிழல்கள் திரும்பின.

"பெரியத்தா, நில்லுங்க."

அக்கா புடவைக்குள் கைவிட்டு மிஷினை வெளியே எடுத்தாள். பூச்சரத்திலிருந்து ஒயர் விடுபட்டுத் தொங்கியது. எல்லோரும் பார்த்தார்கள்.

"இன்னா அது, டிரான்சிஸ்டரா?" என்று கேட்டார் ஜஹனாரா.

"இல்லீங்க. எனக்குப் பேச்சு சரியாக் கேக்காது. இத்தப் போட்டாத்தான் கேக்கும். மொதல்ல உங்க தம்பிகிட்ட இதச் சொல்லுங்க. அவருக்குத் தெரிஞ்சப்புறம் பெரியத்தா என்னைக் கேக்கட்டும்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜஹனாரா எழுந்து, மாப்பிள்ளை இருந்த பந்தலுக்குப் போனார். அவர் திரும்பும்வரை அக்கா, மிஷினின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகை மெல்லத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜஹனாரா வந்து கதவோரம் நின்றார்.

"முன்னாடியே ஏன் சொல்லலன்னு கேட்டான். அவனுக்கு அதுல வருத்தம்தான். எனக்கும்தான்." அம்மா தரையைப் பார்த்தாள். "அப்புறம் கேட்டான், தெனம் ஜெனரேட்டர் பக்கத்துல கத்திக் கத்தி தொண்டை பழகிப்போச்சு, வூட்லயும் கத்துனா போதுமான்னு."

"கத்த வேணாம்னு சொல்லுங்க. கத்துனா தலைய வலிக்கும். மூஞ்சியப் பாத்து நிதானமாப் பேசட்டும்" என்றாள் அக்கா.

"அத்த நீயே சொல்லிக்கோ. அவனுக்குச் சம்மதம்" என்றார் ஜஹனாரா. சிரிக்கவில்லை. ஆனால் அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சரசரத்த முந்தானையைத் தம் கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அக்கா மிஷினை உள்ளங்கையில் வைத்துத் திரையை நோக்கி நீட்டினாள். பெரியத்தா தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலுக்கே அவள் தோள் குலுங்கியது. பிறகு அவர் ஒவ்வொரு சொல்லாக, பள்ளிப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல, அவள் பெயரையும் அத்தாவின் பெயரையும் மாப்பிள்ளையின் பெயரையும், அவர் பெண்ணுக்குத் தரும் மஹர் தொகையையும் சொல்லி, சம்மதமா என்று கேட்டார்.

காதில் விழுந்ததை அக்கா உதட்டுக்குள் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் விட்டுப்போகவில்லை என்று உறுதியானதும், "சம்மதம்" என்றாள்.

கையிலிருந்த மிஷின் அந்தச் சொல்லை அவள் காதிலேயே உரக்கப் போட்டிருக்க வேண்டும். திடுக்கிட்டு, யார் சொன்னது என்பதுபோல என்னைத் திரும்பிப் பார்த்தாள்.