சொந்த மாநிலம்

மதுக்கடை வரிசையில் நிற்கும் நாள் ஒன்று வரும் என்று ஹம்சா கனவிலும் நினைத்ததில்லை. மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர், ஐம்பத்தோரு வயது. குடியிருக்கும் டெல்லி மயூர் விஹாரில் தெரிந்தவர்கள் கண்ணில் படக்கூடாதென்று மெட்ரோ ஏறி லக்ஷ்மி நகர் வந்து, துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். முன்னால் நின்றவன் திரும்பிப் பார்த்து, "ஆன்ட்டி, நீங்க முதல்ல வாங்கிக்குங்க" என்று ஹிந்தியில் சொல்லி விலகினான். அவன் அசிங்கமாகப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இந்த மரியாதையைத் தாங்க முடியவில்லை.

குப்பி, தம்பி ஜெயந்துக்கு. மறுநாள் பிற்பகல் சென்னை ரயில். அங்கிருந்து கும்பகோணம் பக்கம் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் அவனைச் சேர்ப்பதாக ஏற்பாடு. ஆனால் ரயிலில் ஒன்றரை நாள். குடி சட்டென்று நின்றால் வலிப்பு வரலாம் என்று கீழ் ஃப்ளாட் லூசி பயமுறுத்தியிருந்தாள். லூசி அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ், நாகர்கோவில்காரி.

"எங்க ஆஸ்பத்திரியிலேயே இதுக்குத் தனி வார்டு இருக்குக்கா. என்னத்துக்கு அந்தப் பிள்ளைய அவ்வளவு தூரம் இழுத்துக்கிட்டுப் போறீய?"

"நம்ம ஃப்ளாட் சொசைட்டில பாதிப் பேர் அங்கதான் வரா, லூசி. அப்புறம் லிஃப்டுல யார் மூஞ்சியிலயும் முழிக்க முடியாது."

மூன்று வாரமாக ஹம்சா இதே வேலையாகத்தான் இருந்தாள். ஆபீசில் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு மொபைலில் தேடினாள். நகரின் மறுகோடியில் ஒரு மறுவாழ்வு இல்லத்தைப் போய்ப் பார்த்தாள். தரைக்கடியில் ஒரு ஹால், வெளியே பூட்டு, உள்ளே மொட்டையடித்த முப்பது பேர். "நாங்களே வேன்ல வந்து தூக்கிக்கறோம் மேடம், கவலையே வேண்டாம்" என்றான் மேனேஜர். படி ஏறி வந்தவள் தெருமுனை வரை ஓடியேவிட்டாள். அன்று சாயங்காலம்தான் சென்னையிலிருந்து தட்சிணாமூர்த்தி மாமா பேசினார்.

"டெல்லியில உனக்கு யாருடி இருக்கா? சொந்த மாநிலத்துக்கு அழைச்சிண்டு வந்துடு. நம்ம மனுஷா, நம்ம பாஷை. அங்க ஒருத்தருக்கும் தெரியாது."

கடைசி வாக்கியத்தை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

ஜெயந்துக்கு முப்பத்தெட்டு. பிறந்தது, படித்தது, கல்யாணம் ஆனது, வேலை போனது, மனைவி சுபாஷிணி குழந்தையோடு பிரிந்து போனது, எல்லாம் டெல்லியில்தான். எட்டு மாதமாக அக்கா வீட்டில் இருந்தான். ரயில் என்றதும் சரி என்றான். எதற்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

பிளாட்ஃபார பெஞ்சில் உட்கார்ந்தபோதே அவன் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்க முடியவில்லை. நெற்றியெல்லாம் வியர்வை. ஹம்சா சுற்றுமுற்றும் பார்த்தாள். பையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்து, காபி ஊற்றுகிற மாதிரி அதன் மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். ஒரே மடக்கில் குடித்தவன் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"நீயே வாங்கினியா? லைன்ல நின்னியாக்கா?"

அவள் மூடியைத் துடைத்து ஃபிளாஸ்க்கில் திருகினாள். அவன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதான். கொஞ்ச நேரம் கழித்து, "அங்க போய் நான் என்ன பேசுவேன்?" என்றான்.

"எங்க?"

"கும்பகோணத்துல. நேத்திக்கு அந்த இல்லத்து கவுன்சிலர் ஃபோன் பண்ணி, எப்போ ஆரம்பிச்சது, ஏன் ஆரம்பிச்சதுன்னு கேட்டார். எனக்கு வார்த்தையே வரலை. ஆமா, இல்லைன்னே சொல்லிண்டிருந்தேன். சாதம் கேக்கறதுக்கு என் தமிழ் போறும்க்கா. இதுக்குப் போறாது. எனக்கு நடந்ததெல்லாம் ஹிந்தியிலதான் நடந்தது."

"பின்னே ஏன்டா சரின்னே?"

"உனக்கு அவமானமா இருக்கே."

ரயில் வந்து நின்றது. கூட்டம் பெட்டிகளை நோக்கி முண்டியது. ஹம்சா சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு மேம்பாலப் படியைப் பார்த்து நடந்தாள்.

"அக்கா, நம்ம கோச் இந்தப் பக்கம்."

"தெரியும். வா."

ஆட்டோவில் ஏறியதும் லூசியை மொபைலில் கூப்பிட்டாள். "எமர்ஜென்சி வாசல்ல நிக்கேன், ஜல்தி வாங்க" என்பதற்கு மேல் லூசி ஒன்றும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஹம்சா ஃபிளாஸ்க்கை டியூட்டி டாக்டரம்மாவிடமே கொடுத்து, எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று ஒளிக்காமல் சொன்னாள். டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஊசி போட்டு நடுக்கம் அடங்கிய பிறகு, கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, "பையா, எப்போலேர்ந்து?" என்று அண்ணனை அழைப்பதுபோல் ஹிந்தியில் கேட்டாள். ஜெயந்த் பேச ஆரம்பித்தான். அரைமணி நேரம் நிறுத்தவேயில்லை. வேலை போனதை வீட்டில் சொல்லாமல் நான்கு மாதம் டிபன் பாக்ஸோடு கிளம்பி மெட்ரோவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வந்தானாம். குடி அங்கேதான் தொடங்கியதாம். திரைக்கு வெளியே நின்று கேட்ட ஹம்சாவுக்கு இது எதுவும் அதுவரை தெரியாது.

காரிடாரில் ஹம்சா பயந்தபடியே ஆயிற்று. சொசைட்டி செகரெட்டரி ராமமூர்த்தி மருந்துப் பையோடு எதிரே வந்தார்.

"என்னம்மா, யாருக்கு என்ன?"

"தம்பியைச் சேர்த்திருக்கேன், சார். குடிக்கு."

"அச்சா, அச்சா" என்று அவர் அவசரமாக நகர்ந்தார். மறுநாள் லிஃப்டில் இரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள். அவள் பாட்டுக்கு நின்றாள். மூன்றாவது மாடி வந்தது, இறங்கிக்கொண்டாள்.

ஜெயந்த் ஐந்து வாரம் வார்டில் இருந்தான். ஆபீஸ் விட்டதும் அவள் நேரே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். தட்சிணாமூர்த்தி மாமா கோபத்தில் பேசுவதை நிறுத்திவிட்டார். வீடு திரும்பிய மூன்றாம் மாதம் ஜெயந்த் மறுபடி குடித்தான். இரண்டு நாள். மூன்றாம் நாள் காலை படுக்கை காலியாகக் கிடந்தது. ஹம்சா பார்க், மார்க்கெட் எல்லாம் அலைந்தாள். பத்தரை மணிக்கு அவனே ஃபோன் செய்தான்.

"ஆஸ்பத்திரியிலதான் இருக்கேன். டோக்கன் வாங்கிட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "கும்பகோணமா இருந்தா, டிக்கெட் கிடைக்கறதுக்குள்ள இன்னும் பத்து நாள் குடிச்சிருப்பேன்க்கா."

அவன் கடைசியாகக் குடித்து இப்போது ஏழு மாதம் ஆகிறது. செவ்வாய்க்கிழமைகளில் அவனுக்கு ஆஸ்பத்திரியில் குடியை விட்டவர்களின் கூட்டம். வர அரைமணி தாமதமானாலும் ஹம்சா பால்கனிக்கும் வாசலுக்குமாக நடக்கிறாள். சும்மா சும்மா கூப்பிட்டுக் கேட்கக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருப்பதால், மொபைலை சமையலறையில் வைத்துவிட்டு நடக்கிறாள்.