முதுகுக்குப் பின்னால் ஒரு பெனால்டி

நடுவர் விசில் ஊதியதும் நாலாயிரம் பேரின் பாட்டு பாதியில் அறுந்தது. கோலுக்குப் பின்னால், வேலியோடு சேர்ந்த குட்டி மேடையில் ஒலிபெருக்கியோடு நின்ற வீப்கேக்கு எதுவும் தெரியவில்லை. கூட்டத்தைப் பாட வைக்கிறவளுக்கு மைதானத்தின் பக்கம் எப்போதும் முதுகுதான். ஆட்டத்தை அவள் எதிரே நிற்கும் முகங்களில்தான் பார்ப்பாள்.

"என்ன ஆச்சு?"

"பெனால்டி! நம்ம தடியன் அவங்க ஆளைத் தள்ளிவிட்டுட்டான்," என்றார் கீழே முரசோடு நின்ற டெட்லெஃப். "நேரம் முடிஞ்சாச்சு. இதான் கடைசி உதை. உள்ளே போச்சுன்னா ஒண்ணுக்கு ஒண்ணு, சமநிலை நமக்குப் பத்தாது. அடுத்த வருஷம் கீழ் லீக்குல, மாட்டுக் கொட்டகை ஓரமா ஆடணும்."

கோலில் நின்றவன் அவள் தம்பி ஹென்னிங். காலையில் ரொட்டியை அறுத்தபடி சொல்லியிருந்தான்: "அக்கா, நீ திரும்பினா பாட்டு நின்னுடும். பாட்டு நின்னா, நம்ம ஆளுங்களே என்னைக் கைவிட்டுட்டாங்கன்னு எனக்குத் தெரிஞ்சுடும்."

அவள் கழுத்து தானாகத் திரும்ப முயன்றது.

"திரும்பாதே, பொண்ணே!" என்றார் டெட்லெஃப்.

"திரும்பல. நீ முரசை அடி."

"யாருமே பாடலையே."

"நான் பாடறேன், நீ அடிய்யா!"

அவளே தொடங்கினாள். ஒற்றைக் குரல். எதிரே கேலரியின் மூன்றாம் படியில், ஐம்பது வருஷமாக அதே இடத்தில் நிற்கும் உர்சல், கடித்த சாஸேஜை விழுங்காமலே சேர்ந்துகொண்டாள். முரசில் ஓர் அடி விழுந்தது. பிறகு பத்துப் பேர், நூறு பேர். படிகள் அதிர்ந்தன.

முதுகுக்குப் பின்னால் பந்தை உதைக்கும் சத்தம்.

பாட்டு நின்றது. திறந்த வாய்கள் திறந்தபடியே இருந்தன. வீப்கே மட்டும் பாடிக்கொண்டே உர்சலின் கண்களைப் பார்த்தாள். அவை மேலே போயின. இன்னும் மேலே. அவள் தலையைத் தாண்டி எதுவோ பறந்து, பின் படிகளில் விழுந்தது.

பந்து!

பீர் மழையாகக் கொட்டியது. டெட்லெஃப் முரசைக் கட்டிக்கொண்டு அழுதார். கடைசி விசில் யார் காதிலும் விழவில்லை.

வேலி இடுக்கு வழியாக ஒரு கையுறை அவள் கணுக்காலைத் தட்டியது.

"பார்த்தியாக்கா?"

"இல்லடா." அவள் இன்னும் திரும்பவில்லை. "எந்தப் பக்கம் பாய்ஞ்சே?"

"எங்கே பாய்ஞ்சேன்? கால் நகரவே இல்ல. நேரா நெஞ்சுல வந்து மோதி, மேலே எகிறிடுச்சு."

அப்போதுதான் திரும்பினாள்.