அக்காவின் சர்க்கரை ஒழிப்பு

என் உடம்பில் காவலுக்கு இருக்கும் வெள்ளை அணுக்கள் ரொம்ப விசுவாசமானவை. கணையத்தில் தன்பாட்டுக்கு இன்சுலின் சுரந்துகொண்டிருந்த செல்களைக் கிருமி என்று நினைத்து அடித்துத் துவைத்துவிட்டன. சளி பிடித்தால் ஒரு வாரம் வேடிக்கை பார்க்கிற கூட்டத்துக்கு இதில் மட்டும் என்ன சுறுசுறுப்பு!

“நீங்க இனிப்பு சாப்பிட்டதால வந்ததில்ல” என்றார் டாக்டரம்மா. “இனிமே இன்சுலின் ஊசிதான். சர்க்கரை சட்டுனு இறங்கிட்டா உடனே குளுக்கோஸ் மாத்திரை சாப்பிடணும். பையில எப்பவும் இருக்கணும்.”

கூட வந்த அக்கா அப்போது என் செருப்பு தேய்ந்திருப்பதைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சீனி டப்பாவைத் தூக்கிக் குப்பையில் போட்டாள். “சின்ன வயசுல இதை நக்கி நக்கித் தின்னியே, இப்ப பாரு!” என்றாள். அவளுக்குத் தெரியாத வைத்தியமா?

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். நான்காம் நாள் காலை ஊசியை முழுதாகப் போட்டுக்கொண்டேன். சாப்பாட்டை அக்கா பாதியாக்கியிருந்தாள். நானும் அவசரத்தில் கிளம்பிவிட்டேன். அன்றைய மாணவர் ஒரு பல் டாக்டர். மூன்று முறை லைசென்ஸ் தேர்வில் தோற்றவர். நாற்சந்தியை நெருங்கும்போது எனக்கு வியர்த்துக் கொட்டியது. விளக்குகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. பைக்குள் கைவிட்டு மாத்திரை டப்பாவைத் திறந்தால் உள்ளே வெள்ளரித் துண்டுகள்.

பயிற்சி காரில் என் பக்கமும் இருக்கும் பிரேக்கை மிதிக்கக் கால் எழவில்லை. செத்துவிடுவேன் என்று பயந்தேன். இந்த மனிதரையும் சேர்த்துக் கொன்றுவிடுவேன் என்று அதைவிடப் பயந்தேன்.

“ஓரமா... நிறுத்துங்க.”

மனிதர் வாழ்க்கையில் முதல்முறையாகக் கண்ணாடி பார்த்து, சிக்னல் போட்டு, ஒழுங்காக நிறுத்தினார். கடைக்கு ஓடி ஜூஸ் வாங்கிவந்து வாயில் ஊற்றினார்.

வீட்டில் அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். “வெள்ளரி சாப்பிட்டியா? மாத்திரைய நக்கிப் பார்த்தேன்டி. முழுக்கச் சர்க்கரை! எல்லாத்தையும் கொட்டிட்டேன். நான் பார்த்ததால தப்பிச்ச!”

கத்த வேண்டும் என்றுதான் வந்திருந்தேன். ஆனால் நடந்ததை மட்டும் சொன்னேன். அவள் முகம் வெளுத்தது.

“நானே உன்னைக் கொன்னிருப்பேனா?”

“ஆமாக்கா” என்றேன். பொய் சொல்லி அவளைத் தேற்ற எனக்கு அன்று தெம்பில்லை.